பாவம், தனியாக இருக்கிறாள்

கழுத்தில் தாலி ஏறிய மறு நிமிடம், கட்டியவனுக்கும் கட்டிக்கொண்டவளுக்கும் ஓர் உரிமை சேர்ந்தே வந்துவிடுகிறது: கல்யாணமாகாதவர்களைப் பார்த்து 'பாவம்' என்று சொல்லும் உரிமை. விண்ணப்பம் வேண்டாம், தகுதித் தேர்வு கிடையாது. கட்டிய வேட்டி இடுப்பில் நிற்காதவன்கூடச் சொல்லலாம். நான் பல வருஷமாகச் சொல்லிவருகிறேன். அதற்கென்றே எனக்கு உறையூரில் ஓர் அக்கா இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைப் போனில் கூப்பிட்டுப் பரிதாபப்படுவேன். ஆதம்பாக்கத்து வீட்டுக்குள் நிம்மதியாகப் பரிதாபப்பட இடமில்லை. கூடத்தில் டி.வி. ஓடும். அறையில் பையனின் அலுவலகக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமையும் உண்டாம். அடுக்களைக்குள் நான் நுழைந்தால் எதையாவது கீழே தள்ளுவேன் என்று மனைவிக்கு உறுதியான நம்பிக்கை. ஆகவே மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒண்டிக்கொண்டு ஆரம்பிப்பேன்.

"தனியா இருக்கியேக்கா... சாப்பிட்டியா?"

"ஆச்சுடா. அடையும் அவியலும். நீ?"

நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் ஞாயிறு காலைப் பலகாரம் என்பது அவையில் நிறைவேற வேண்டிய தீர்மானம். உப்புமா என்றால் பையன் வெளிநடப்பு. தோசை என்றால், மாவு புளித்துவிட்டது என்று மனைவியின் வீட்டோ. பூரி என்று நான் கொண்டுவரும் தனிநபர் மசோதா, என் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைக் காட்டி அறிமுகக் கட்டத்திலேயே நிராகரிக்கப்படும். கடைசியில் மூவரும் பிரெட் சாப்பிடுவோம். பிரெட் மூவருக்குமே பிடிக்காது. அந்த வகையில் நியாயமான முடிவு.

குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் படம்தான் இருக்கிறது. ஆனால் என் ஆட்சிப் பரப்பு, பீரோவின் கடைசித் தட்டில் பாதி. மீதிப் பாதியில் பழைய கம்பளி. ஃபேன் எனக்கு ஐந்தில் சுற்ற வேண்டும், மனைவிக்கு இரண்டு. அது மூன்றில் சுற்றுகிறது. எனக்கு வியர்க்கிறது, அவளுக்குக் குளிர்கிறது. இதற்குப் பெயர்தான் விட்டுக்கொடுத்து வாழ்வது என்று புதுமணத் தம்பதிகளுக்கு நானே மேடையேறி ஆசீர்வாத உரையில் விளக்கியிருக்கிறேன்.

அக்கா மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வீட்டில் ஃபேன் அவள் வைத்த வேகத்தில் சுற்றும். நாளிதழ் மடிப்புக் கலையாமல் அவள் கைக்கு வரும். கத்தரிக்கோல் வைத்த இடத்தில் இருக்கும். (குடும்பஸ்தர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளலாம்.) ஒரு தடவை சாயந்திரம் நாலு மணிக்கு ராமேஸ்வரம் போகலாமே என்று தோன்றியிருக்கிறது. மறுநாள் காலையில் அக்னி தீர்த்தத்தில் நின்றபடி போட்டோ அனுப்பினாள். நாங்கள் காஞ்சிபுரத்துக்குப் போகப் பல வருஷமாகத் திட்டமிட்டுவருகிறோம். இந்தப் பரிதாபத்துக்குரிய வாழ்க்கையை நினைத்துத்தான் எனக்கு வருத்தம்.

அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்க எங்கள் குடும்பம் எடுத்த முயற்சி கொஞ்சநஞ்சமில்லை. ஜாதகம் தமிழ்நாட்டின் பாதி மாவட்டங்களைப் பார்த்திருக்கிறது. கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்பவர்கள் போகும் திருமணஞ்சேரிக்குப் போனோம். அங்கே கொடுத்த எலுமிச்சம்பழத்தை அக்கா பிழிந்து சாறாக்கி எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தாள். அது பிரசாதமாக அவள் மட்டும் குடிக்க வேண்டியது என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கல்யாணம் சீக்கிரமே கூடிவந்ததற்கு இதுதான் காரணமா என்று இன்றைக்கும் சந்தேகம். அம்மா தெருக்கோடி அரசமரத்துப் பிள்ளையாரை நூற்றெட்டு நூற்றெட்டாகச் சுற்றினாள். தன் அம்மா மாதிரிப் பெண் கிடைத்தால் பார்க்கலாம் என்று ஆற்றங்கரை ஆற்றங்கரையாக உட்கார்ந்திருக்கும் பிரம்மச்சாரியிடம் போய், என் பெண்ணுக்கு முடித்துவை என்று கேட்டால் அவர்தான் என்ன செய்வார்?

உறையூருக்குக் குடிபோன பிறகு, வெக்காளியம்மனிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா வாரம் தவறாமல் போகிறாள். ஆனால் வேண்டிக்கொள்வது மழைக்கு. "அந்த அம்மனே தலைக்கு மேல கூரை வேண்டாம்னு வெயில்லயும் மழையிலயும் உக்காந்திருக்கா. அவகிட்ட போய் எனக்குப் பந்தல் போடுன்னு கேக்கவா?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அக்கா சொன்ன பதில் ஒரே ஒரு சொல்தான்: "வேண்டாம்." அதை மட்டும் யாரும் நம்பவில்லை. காதல் தோல்வி என்றார் மாமா. செவ்வாய் என்றார் ஜோசியர். தம்பியைப் படிக்கவைக்கத் தியாகம் செய்கிறாள் என்று பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். இதனால் நான் அரியர் வைத்தபோதெல்லாம் தெருவே என்னைத் துரோகியாகப் பார்த்தது. வேண்டாம் என்பதற்கு வேண்டாம் என்பதே காரணமாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பந்தியில் இலைக்கு மேலே கையை விரித்து மறைத்தால் சாம்பார் வாளிக்காரர் புரிந்துகொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார். பாயசக்காரர் மட்டும் விரல் இடுக்கில் ஊற்றிவிட்டுப் போவார். எங்கள் உறவில் எல்லோரும் பாயசக்காரர்கள்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா கொஞ்சம் வேறு மாதிரி. அவர் எதற்கும் அரசாணை எண் கேட்கிற ஆள். அவருடைய வாதம் நேராக மத்திய பட்ஜெட்டில் ஆரம்பிக்கும். 1955இல் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வருமான வரி விலக்கு வரம்பை இரண்டாகப் பிரித்தார்: கல்யாணமானவருக்கு 2,000 ரூபாய், ஆகாதவருக்கு 1,000. "கவர்மெண்டே கன்செஷன் கொடுக்குதும்மா" என்பார் அப்பா. அவருடைய சம்பளம் எந்தக் காலத்திலும் வரி வரம்பை எட்டிப் பார்த்ததில்லை. கல்யாணம் செய்துகொண்டால் சலுகை என்பதற்கு, செய்துகொண்டவருக்கு நஷ்ட ஈடு என்றுதான் அர்த்தம் என்று அக்கா கணக்குப் போட்டுக் காட்டினாள். கணக்கில் அவள் எப்போதுமே கெட்டிக்காரி.

அப்பா அதோடு விடாமல் அகஸ்டஸ் சீசரைக் கூட்டிவந்தார். ரோமாபுரியில் கல்யாணம் செய்துகொள்ளாதவர்களுக்குச் சொத்து வாரிசு உரிமையிலேயே கைவைத்துச் சட்டம் போட்டார் அகஸ்டஸ், உண்மைதான். ஆனால் அப்பா சொல்லாமல் விட்ட பாதி, எனக்குப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்தது. கி.பி. 9இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி நிறைவேற்றிய கான்சல்கள் இருவர், பாப்பியஸ், போப்பேயஸ். சட்டத்துக்கே அவர்கள் பெயர்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை என்று காஸியஸ் டியோ என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்துவிட்டார். முசோலினி 1927இல் பிரம்மச்சாரிகளுக்குத் தனி வரியே போட்டார். அவருக்குப் படைக்கு ஆள் வேண்டும். பெரியம்மாவுக்கு முன்வரிசையில் கல்யாணச் சாப்பாடு வேண்டும். இருவருக்குமே அக்காவின் நன்மை இரண்டாம்பட்சம்.

வள்ளுவரிடம் போகலாம் என்றால் அவரும் கைவிட்டுவிடுகிறார். இல்வாழ்க்கைக்கு ஐந்தாவது அதிகாரம், துறவுக்கு முப்பத்தைந்தாவது. மிக்சி வைத்துக்கொண்டு, நாளிதழ் வாங்கிக்கொண்டு, வாரம் ஒரு சினிமா பார்த்துக்கொண்டு, கல்யாணம் மட்டும் செய்துகொள்ளாமல் இருப்பவர்களுக்கு 133 அதிகாரங்களில் ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. வீட்டு உரிமையாளர்களும் வள்ளுவர் வழிதான்.

அக்காவுக்குக் கரூருக்கு மாற்றல் வந்தபோது வீடு பார்க்க நான் துணைக்குப் போனேன். கல்யாணமாகாத ஆண் என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி ஏதாவது ஒன்று ஏற்றுக்கொள்ளும். அட்வான்ஸும் மூட்டைப்பூச்சியைச் சகிக்கும் பக்குவமும் போதும். பெண்ணுக்கு அது கிடையாது. கூட யார், யார் வந்துபோவார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாள், ஏன் இன்னும் ஆகவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த அக்காவை வாசல் தூணோரம் நிற்கவைத்துவிட்டு, மீசை அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்த காலேஜ் பையனான என்னை உள்ளே நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார் வீட்டுக்காரர்.

"சார், வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடணும். ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிடுவோம். தங்கச்சிகிட்ட சொல்லிவைங்க."

"அக்கா" என்று திருத்தினேன்.

"யாரா இருந்தா என்ன, நீங்க பொறுப்பு" என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்ட பேனா அக்காவுடையது. திருச்சிக்குத் திரும்பிப் போக பஸ் காசும் அவளிடம்தான் வாங்கிக்கொண்டேன்.

எனக்குப் பெண் பார்த்தபோது பெரிய சிக்கல் எழுந்தது. அக்கா இருக்கும்போது தம்பிக்கு எப்படி? அக்காவே, "அவன் பண்ணிக்கட்டும். யாராவது ஒருத்தர் அவனைப் பாத்துக்கணும் இல்லையா?" என்று அனுமதி கொடுத்தாள். மணமேடையில் அடுத்த சிக்கல். எங்கள் பக்கத்தில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட வேண்டும், மற்ற இரண்டும் நாத்தனார். நாத்தனார் என்றால் அக்காதான். ஆனால் கல்யாணமாகாதவள் கைபடலாமா, ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி சுமங்கலியாக நிற்கிறாளே என்று பெரியம்மா தலைமையில் ஒரு குழு மேடைக்குப் பின்னால் கூடிவிட்டது. மண்டப வாடகையில் பாதி அக்காவின் பி.எஃப். கடன். அதில் யாருக்கும் தீட்டு தெரியவில்லை. கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, நான் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு அடுத்து என்ன செய்வது என்று கயிற்றைப் பிடித்தபடி முழிக்கிறேன். குனிந்திருந்த மணப்பெண்ணிடமிருந்து குரல் வந்தது.

"யாராவது சீக்கிரம் கட்டுங்களேன், கழுத்து வலிக்குது."

அக்கா வந்து இரண்டு முடிச்சையும் இழுத்துக் கட்டினாள். ஆபீசில் கோப்புகளை நாடாவால் கட்டிப் பழகிய முடிச்சு. எங்கள் கல்யாணம் இத்தனை காலம் தாங்குவதற்கு என் குணம் காரணமில்லை, அந்த முடிச்சுதான் என்பது என் மனைவியின் கருத்து. அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு கட்சி. மே மாதம் வந்தால் மனைவி உறையூருக்கு ஓய்வெடுக்கப் போகிறாள். எதிலிருந்து ஓய்வு என்று நான் கேட்டதில்லை. எனக்கும் சில விஷயங்கள் தெரியும்.

தனியாள் என்றால் அவளுடைய நேரமும் பணமும் ஊர்ப்பொது என்று ஒரு நினைப்பு எங்கள் எல்லோருக்கும் உண்டு. பெரியப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் துணை வேண்டுமா, அக்காவைக் கூப்பிடு. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் குறைகிறதா, அக்கா. கிருகப்பிரவேசத்துக்கு முன்னாலேயே வந்து பால் காய்ச்சுவதுவரை கூட இருக்க ஆள் வேண்டுமா, "உனக்கென்னக்கா, தனி ஆள்தானே." அவளுடைய லீவுக் கணக்கில் பாதி எங்கள் பிரசவங்களிலும் பைபாஸ்களிலும் தீர்ந்தது. பதிலுக்கு அவளுக்கு நாங்கள் கொடுத்தது, மேலே சொன்ன 'பாவம்'.

இதற்கிடையில் அவளைத் தேற்ற வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல் சாதித்தவர்களைத் தேடித் தேடிச் சொன்னேன். காமராஜர், அப்துல் கலாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று, ஒரு பொங்கலன்று கரும்பு வெட்டிக்கொண்டே தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கதையை எடுத்தேன். தலைச்சேரியில் 1897இல் பிறந்தவர். வீட்டில் உறவுப் பையனோடு கல்யாணம் பேசிக்கொண்டிருந்தபோது, அது வேண்டாமென்று உதவித்தொகை வாங்கிக்கொண்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். திரும்பிவந்து கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், நம் மண்ணில் நன்றாக விளைகிற இனிப்பான கரும்புக்காகக் கலப்பின ஆராய்ச்சி செய்தார். பிறகு டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம்களைத் தொகுத்து 1945இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

"பாத்தியாக்கா, நாம கடிக்கிற கரும்புலயே அவங்க உழைப்பு இருக்கு" என்று உருக்கமாக முடித்தேன்.

அக்கா கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டுக் கேட்டாள்: "கல்யாணம் பண்ணிக்கலேன்னா ராக்கெட் விடணுமாடா? இல்லாட்டி கரும்பு நடணுமா? எனக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் தூங்கணும். எந்திரிச்சு டிகாஷன் போடணும். அதுக்கு யார்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கணும்?"

நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததையும் கேட்டுவிட்டாள். "நீ கல்யாணம் பண்ணிக்கிட்டு என்ன சாதிச்சே?"

இந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மாலை போட்டார்கள், மொய் எழுதினார்கள், பன்னீர் தெளித்தார்கள். இவன் இதை வைத்துக்கொண்டு நாட்டுக்கு என்ன செய்யப் போகிறான் என்று மண்டபத்தில் ஒருவரும் விசாரிக்கவில்லை. கல்யாணம் செய்துகொண்டு சும்மா இருப்பதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. செய்துகொள்ளாமல் சும்மா இருப்பதற்குத்தான் முதலமைச்சராகவோ ஜனாதிபதியாகவோ ஆகிக் காட்ட வேண்டியிருக்கிறது. என் மனைவி பக்கத்திலிருந்து, "இவர் சாதிச்சாரே. கேஸ் ட்யூபை மாட்டத் தெரியாமயே இத்தனை வருஷம் ஓட்டிட்டாரே" என்று எனக்காக வாதாடினாள்.

எல்லா வாதமும் தோற்றபின் எங்கள் கையில் மிச்சமிருக்கும் பிரம்மாஸ்திரம், "கடைசிக் காலத்துல ஒரு வாய்த் தண்ணி கொடுக்க யாரு இருப்பா?" இதை நானும் எறிந்து பார்த்திருக்கிறேன். என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பையன் அடுத்த அறையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறான். தாகமாக இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் தெரிவித்தால் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று வரும். தண்ணீர் வராது. அக்காவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபோது, தம்பி என்ற முறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டி படுக்கையோடு உறையூர் போனேன். அங்கே கதவில் ஓர் அட்டவணை தொங்கியது, அவள் கையெழுத்தில், கோடு போட்டு. எதிர்வீட்டு ஆசிரியை காலை டிபன், கூட வேலை பார்த்தவர் இருவர் மாறி மாறி இரவுத் துணை, மாடி வீட்டுப் பையன் பிசியோதெரபிக்கு ஆட்டோ. எனக்கும் பெரிய மனதோடு ஓர் இடம் ஒதுக்கியிருந்தாள்: வியாழக்கிழமை, இளநீர். ஆஸ்பத்திரியில்தான் கொஞ்சம் தகராறு. படிவத்தில் கணவர் பெயர் அல்லது தந்தை பெயர் கேட்டார்கள். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதால், மறுபடியும் பொறுப்பாளராக நானே கையெழுத்துப் போட்டேன். பேனா இப்போதும் அவளுடையது.

எல்லாம் சொர்க்கம் என்று அவளும் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சில சமயம் வெறிச்சுன்னு இருக்கும்டா. யாராவது பேசினா தேவலைன்னு தோணும். உனக்கு அப்படி இருக்கா?" என்று ஒரு தடவை கேட்டாள். எனக்கு அந்த வசதி இல்லை என்றேன்.

தமிழ்நாடு அரசிடம், 50 வயதைக் கடந்த, கல்யாணமாகாத ஏழைப் பெண்களுக்கென்றே ஒரு மாத ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. அதாவது 50 ஆனதும் அரசாங்கம்கூட, சரி, இவருக்கு இதுதான் வாழ்க்கை என்று கோப்பில் எழுதி ஒப்புக்கொண்டுவிடுகிறது. பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா ரிடையர் ஆன பிறகும், "நாகர்கோவில்ல ஒரு வரன், பாவம், போன வருஷம்தான் அவர் சம்சாரம்..." என்று ஆரம்பித்தாள்.

இப்போது எங்கள் வீட்டிலேயே அடுத்த தலைமுறை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போனில், "இப்போ வேண்டாம்ப்பா. எப்பவுமே வேண்டாமான்னு இன்னும் யோசிக்கல. அத்தை மாதிரி இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள். தகப்பன் என்ற முறையில் அவளுக்கு இல்லறத்தின் மகத்துவத்தை எடுத்துச்சொல்லத் தயாரானேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாழ்க்கைன்னா என்னன்னா..." என்று ஆரம்பிக்கையில் வாசலில் குப்பை வண்டி வந்துவிட்டது. மக்கும் குப்பை ஒரு கையிலும் மக்காத குப்பை ஒரு கையிலுமாக நான் ஓட, போனை மனைவி வாங்கிக்கொண்டாள். திரும்பிவந்தபோது இருவரும் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கை என்றால் என்ன என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சும்மா இருக்காமல் தரகர் ஒருவரிடம் நான் முன்பே சொல்லிவைத்திருந்தேன். போன வாரம் கூப்பிட்டார். மகளுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"ஏன் சார், பொண்ணுக்கு எதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்லையே."

"அப்ப ஏன் சார் வேண்டாம்?"

வேண்டாம், அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. தொழில் அப்படி. ஏதாவது ஒன்றைக் கொடுக்காமல் போனை வைக்கமாட்டார் போலிருந்தது.

"சரி சார், வேற யாராவது இருக்காங்களா? இப்பல்லாம் 60 தாண்டினவங்களுக்கும் நம்மகிட்ட நல்ல நல்ல வரன் இருக்கு."

அக்காவின் நம்பரைக் கொடுத்தேன். அவர் பிழைப்பாயிற்று, அவளாயிற்று.

அரை மணி கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அக்காகிட்ட பேசினேன் சார். ரொம்ப நேரம் பேசினாங்க. காலைல அம்மா மண்டபத்துல குளியலு, மத்தியானம் தூக்கம், ராமேஸ்வரம் போயிட்டு வந்ததெல்லாம் சொன்னாங்க." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சார், உறையூர்ல ஒரு ஆள் தங்கற மாதிரி சின்ன போர்ஷன் எதாவது காலியா இருக்கான்னு அக்காகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார். வீட்ல தெரிய வேண்டாம்."